மார்டள்ளியின் சந்தன மரமும் பாடநூலுக்குள் வராத பாடமும்

புது தில்லி: மைசூரில் வாழ்ந்த தமிழர் ஒருவர் 1989ஆம் ஆண்டு மாநிலங்களவையில் எழுந்து, குழந்தைகளின் புத்தகப் பையைப் பற்றிப் பேசினார். எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், நியமன உறுப்பினராக அவையில் ஆற்றிய கன்னிப் பேச்சு அது. பையின் பாரத்தால் குழந்தைகளின் முதுகு வளைகிறது, அந்தப் பையையே ஒழித்துவிட வேண்டும் என்பது அவரது வாதம். போபர்ஸ் விவகாரத்தில் இரு அவைகளும் கொந்தளித்துக் கொண்டிருந்த காலம் அது. ஆயினும் அப்பேச்சு அவைக் குறிப்போடு நின்றுவிடவில்லை. 1992இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. "சுமையின்றிக் கற்றல்" என்ற பொருளில் தலைப்பிட்டு 1993இல் அக்குழு அளித்த அறிக்கை, பையின் எடையைவிடப் புரியாமையின் எடையே பெரிது என்ற முடிவுக்கு வந்தது.

அதே யஷ்பால் தலைமையில் உருவான 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட வரைவு, பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைப்பதைத் தனது முதல் நெறியாக அறிவித்தது. உள்ளூர் வரலாறு, உள்ளூர் இயற்கை, உள்ளூர்த் தொழில் ஆகியவை பாடத்துக்கு மூலப்பொருளாக வேண்டும்; பாடங்களுக்கு இடையிலான வேலிகள் தாழ வேண்டும் என்று அது கூறியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்கிறது. கட்சிகள் மாறின, அமைச்சகத்தின் பெயரும் மாறியது. இந்த ஒரு கருத்தில் மட்டும் தில்லியில் கருத்து வேறுபாடே இல்லை.

தில்லியில் கருத்து வேறுபாடு இல்லாத ஒன்று, நாராயண் வாழ்ந்த மைசூருக்கு அப்பால் உள்ள ஓர் எல்லைக் கிராமத்தின் உயர்நிலை வகுப்பை எட்டுவதற்குள் என்ன ஆகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு வட்டம், இரு மாநிலங்கள்

மார்டள்ளி, கர்நாடகத்தின் ஹனூர் வட்டத்தில், மாதேஸ்வரன் மலைக் காடுகளின் ஓரத்தில் இருக்கிறது. முன்பு மைசூர் மாவட்டம். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அதனுடன் சென்றது. கத்தோலிக்கத் திருச்சபையின் கணக்கில் இன்றும் மைசூரு மறைமாவட்டமே. ஊரில் பேசப்படும் மொழி பெரும்பாலும் தமிழ்.

இதற்கும் முன்னே போனால், இப்பகுதி மைசூரே அன்று. திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின் கொள்ளேகால் வட்டம் ஆங்கிலேயர் வசமாகி, சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, புதிய மைசூர் மாநிலத்தில் அடங்கும் பகுதிகளைப் பட்டியலிடும்போது, சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் வட்டம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. வட்டம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டால் கன்னடம் பேசுவோர் பெரும்பான்மை. ஆகவே கிழக்கோரத்துத் தமிழ்க் கிராமங்களும் அதனோடு சேர்ந்து 1956 நவம்பர் 1 அன்று மாநிலம் மாறின. கன்னடம் பேசுவோர் நிறைந்த தாளவாடி, அதே கணக்கின் மறுபக்கமாகத் தமிழகத்தில் தங்கியது.

குடிமையியல் வகுப்பில் மாநிலச் சீரமைப்பைப் பற்றி ஒரு பத்தி வரும். பொட்டி ஸ்ரீராமுலு வருவார், பசல் அலி ஆணையம் வரும். தங்கள் பாட்டனாரின் பத்திரத்தில் கோயம்புத்தூர் மாவட்டம் என்றும் தந்தையின் குடும்ப அட்டையில் மைசூர் மாவட்டம் என்றும் தங்கள் சான்றிதழில் சாமராஜநகர் என்றும் இருக்கக் கூடிய மாணவர்களுக்கு அந்தப் பத்தி ஏதோ ஆந்திரத்துச் செய்தி. மூன்று காகிதங்களையும் ஒரே மேசையில் விரித்தால் ஒரு மணி நேரப் பாடம் நடத்தலாம்.

மரத்தில் தொடங்கும் பாடம்

இந்தக் காடுகள் சந்தனத்தின் இயற்கை வாழிடம். உயிரியல், வேதியியல், வரலாறு, பொருளியல், சட்டம் ஆகிய ஐந்தையும் ஒரே பொருளில் கற்பிக்க வேண்டுமானால், இந்நாட்டில் சந்தன மரத்தைவிடச் சிறந்த பொருள் கிடைப்பது கடினம்.

சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. இலையில் பச்சையம் உண்டு. தன் மாவுப்பொருளைத் தானே தயாரித்துக் கொள்ளும். ஆனால் மண்ணுக்கடியில் அதன் வேர்கள் அண்டைச் செடிகளின் வேர்களைப் பற்றி, உறிஞ்சு உறுப்புகளால் நீரையும் தாது உப்புகளையும் எடுத்துக் கொள்கின்றன. இளங்கன்றுக்குத் துணையாகத் துவரை நடுவது இதனால்தான். பள்ளித் தோட்டத்தில் இரண்டு கன்றுகளை, ஒன்றைத் துவரையோடும் மற்றொன்றைத் தனியாகவும் நட்டு ஓராண்டு அளந்து வந்தால், பாடநூலில் ஒரு வரியாக உள்ள ஒட்டுண்ணி வாழ்க்கை கண்ணெதிரே நிற்கும். விதையைப் பரப்புபவை குயில், கொண்டைக்குருவி, மைனா போன்ற பறவைகள். வெட்டப்பட்ட காட்டில் சந்தனம் மீள்வதற்குப் பறவையும் வேண்டும், பற்றிக்கொள்ளப் பக்கத்துச் செடியும் வேண்டும்.

மணம் வைரத்தில் உண்டாவது. அது முற்றுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். எண்ணெயை நீராவியால் வடித்தெடுக்கிறார்கள். முதல் உலகப் போருக்கு முன்பு மைசூர்ச் சந்தனத்தின் பெரும்பகுதி ஜெர்மனிக்குக் கட்டையாகவே போய், அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டது. போர் மூண்டதும் ஏற்றுமதி நின்றது, கட்டைகள் தேங்கின. திவான் விசுவேசுவரய்யாவின் அரசு, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் வேதியியலாளர்களைக் கொண்டு வடிக்கும் முறையை உருவாக்கி, 1916இல் மைசூரில் எண்ணெய் ஆலையைத் தொடங்கியது. இன்று வீடுகளில் இருக்கும் மைசூர் சாண்டல் சோப்பின் பிறப்புக் கதை இது. நீராவி வடித்தலைப் படிக்கும் மாணவருக்கு, ஐரோப்பியப் போர் ஒன்று தம் ஊர் மரத்தின் விலையை எப்படி மாற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்வதில் ஆசிரியருக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம்தான் ஆகும்.

அடுத்தது சட்டம். சந்தனத்தை அரச மரமாகத் திப்பு 1792இல் அறிவித்ததாக வனத்துறை வரலாறுகள் கூறும். அரசர் போய், கம்பெனி வந்து, குடியரசும் வந்த பிறகும் அந்த உரிமை அரசிடமே இருந்தது. சொந்த நிலத்தில் தானாக முளைத்த சந்தனமும் உழவனுக்குச் சொந்தமில்லை. அதைக் காக்கும் பொறுப்பு மட்டும் அவனுடையது. கர்நாடகம் 2001இலும் தமிழகம் 2002இலும் சட்டத்தைத் திருத்திய பின்னரே நில உடைமையாளருக்கு மரத்தின் மீது உரிமை வந்தது. தனக்குச் சொந்தமில்லாத மரத்தை யார் வளர்ப்பார், கடத்தல்காரனுக்கு யார் தடையாக இருப்பார் என்ற கேள்வி பத்தாம் வகுப்புப் பொருளியலுக்கு உரியதே.

சொல்லத் தயங்கும் வரலாறு

சந்தனத்தைச் சொன்னால் வீரப்பனைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவன் பிறந்த கோபிநத்தம் இதே வட்டாரத்து ஊர். உள்ளூர் வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள் என்று தில்லியில் எழுதுவது எளிது. இங்கே அந்த வரலாற்றுக்கு வயது முப்பதுதான். அதில் இடம்பெற்ற பலர் உயிரோடு இருக்கிறார்கள்.

கோபிநத்தத்தில் ஏழைகளுக்கு வீடும் கோயிலும் கட்ட உதவி, சரணடையச் செய்யும் முயற்சியில் ஈடுபட்ட வனத்துறை அதிகாரி சீனிவாஸ் 1991 நவம்பரில் கொல்லப்பட்டார். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுக்கு அருகே கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். அவ்வழக்கில் நால்வருக்கு 2004இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கருணை மனுக்கள் மீதான கால தாமதத்தைக் காட்டி 2014 ஜனவரி 21 அன்று அதே நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. இடைப்பட்ட காலத்தில் இரு மாநில அதிரடிப் படைகளின் அத்துமீறல்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. அதன் அறிக்கையின் பேரில் 2007இல் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது.

வனக் காவலரின் பேரனும், அதிரடிப் படை முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்டவரின் பேத்தியும் ஒரே வகுப்பில் அமரக்கூடிய வட்டாரம் இது. இதை எப்படிக் கற்பிப்பது என்று எந்தப் பாடத்திட்டக் குழுவும் ஆசிரியருக்குச் சொல்லித் தரவில்லை. ஆசிரியர் வாய் திறக்காமல் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் வகுப்பறை பேசாத இடத்தைத் திரைப்படமும் தொலைக்காட்சித் தொடரும் நிரப்புகின்றன. அவற்றில் இந்த ஊர்கள் வெறும் பின்னணிக் காடு.

நீதிமன்றத் தீர்ப்பு, ஆணைய அறிக்கை, நாளேட்டுச் செய்தி, ஊர்ப் பெரியவரின் வாய்மொழி ஆகிய நான்கும் ஒரே நிகழ்ச்சியை எப்படி வெவ்வேறாகக் கூறுகின்றன என்று ஒப்பிடுவதே வரலாற்று முறையின் அரிச்சுவடி. மொஹஞ்சதாரோவை வைத்து அதைக் கற்பிப்பதில் ஆபத்தில்லை, ஆனால் மாணவர் கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே பாட்டி இல்லை. உயர்நிலை வகுப்பு மாணவர் இதைத் தாங்கும் வயதில்தான் இருக்கிறார். ஆசிரியருக்குத் தேவையானது மேலிடத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி.

ஆற்றைக் கணக்கிடுதல்

நாடாளுமன்றத்தில் காவிரி என்ற சொல் எழாத கூட்டத்தொடர் அரிது. இரு மாநில உறுப்பினர்களும் அவையின் மையத்துக்கு வந்து முழங்கும் எண்களில் முக்கியமானது பிலிகுண்டுலுவில் அளக்கப்படுவது. கர்நாடக, தமிழக எல்லையில் காவிரிக் கரையில் உள்ள அந்த அளவீட்டு நிலையம் மத்திய நீர்வள ஆணையத்துக்கு உரியது. மார்டள்ளிக் காடுகளுக்கு அப்பால் ஓடும் அதே ஆறுதான்.

2018 பிப்ரவரி 16 தீர்ப்பின்படி, ஒரு நீராண்டில் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குக் கிடைக்க வேண்டியது 177.25 டி.எம்.சி. ஆகஸ்டு மாதத்துக்கு மட்டும் 45.95 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் 86,400 கன அடி. அப்படியானால் ஆகஸ்டு முழுவதும் விநாடிக்கு எத்தனை கன அடி ஓட வேண்டும்? 17,150 கன அடிக்குச் சற்று மேல் என்று விடை வரும். இதைப் போடத் தெரிந்த மாணவர், மறுநாள் நாளேட்டில் வரும் திறப்பு அளவைப் படித்துத் தாமே முடிவுக்கு வருவார். எந்தக் கட்சியின் பேச்சாளரும் அவருக்கு விளக்கத் தேவையில்லை. அளவிடும் முறையும் கடினமன்று: ஓடையின் குறுக்குவெட்டுப் பரப்பை நீரின் வேகத்தால் பெருக்க வேண்டும். முழங்காலளவு நீர் ஓடும் ஊர்க் கால்வாயில், அளவு நாடாவும் கடிகாரமும் ஒரு காய்ந்த தேங்காய் மட்டையும் கொண்டு இதைச் செய்துவிடலாம்.

இதே ஆறு சற்று மேலே சிவசமுத்திரத்தில் விழுகிறது. அங்கே 1902இல் தொடங்கிய மின் நிலையம், 147 கிலோமீட்டர் தொலைவில் இருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் அனுப்பியது. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905இல். அன்று ஆற்றின் ஒரு கரை மைசூர் சமஸ்தானம், கொள்ளேகால் பக்கத்துக் கரை சென்னை மாகாணம். கோடையில் ஆறு இளைத்தால் சுரங்கத்தின் இயந்திரம் தடுமாறும். கண்ணம்பாடி அணைக்கான காரணங்களில் அதுவும் ஒன்று. அந்த அணையே 1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கும், அதன் வழியே இன்றைய வழக்குகளுக்கும் கொண்டுவந்து விட்டது.

கோலாரின் ஆழத்தில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். அவர்கள் தோண்டிய சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளுடன் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தனர். உலகின் முதல் பதிவுகளில் அது ஒன்று. கல்விக் குழுக்களுக்குத் தலைமை ஏற்ற யஷ்பாலும் அதே நிறுவனத்தின் அண்டக்கதிர் ஆய்வில் வளர்ந்தவர். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. ஓர் அருவியில் தொடங்கி அணுத்துகள் வரை போகும் இந்தச் சங்கிலி இயற்பியல் நூலில் ஒரு துண்டாகவும், வரலாற்றில் ஒரு துண்டாகவும், புவியியலில் ஒரு துண்டாகவும் சிதறிக் கிடக்கிறது. பல நூல்களில் அந்தத் துண்டுகூட இல்லை.

துறைகளைப் பிரிக்காமல் பார்ப்பது புதிய கண்டுபிடிப்பும் அன்று. திப்பு வீழ்ந்த மறு ஆண்டே, வெல்லெஸ்லியின் ஆணைப்படி மருத்துவரும் தாவரவியலாளருமான பிரான்சிஸ் புக்கானன் மைசூர் நாட்டைச் சுற்றினார். 1800இல் காவேரிபுரம் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு இறங்கினார். மண், பயிர், இரும்பு உருக்கும் உலை, கூலி, சாதி வழக்கம், கால்நடை நோய் எல்லாம் ஒரே நாட்குறிப்பில் அடுத்தடுத்து வருகின்றன. நோக்கம் கம்பெனியின் வருவாய் என்பதை மறக்க வேண்டியதில்லை. அதையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும். 1807இல் வெளியான அந்த மூன்று தொகுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கண்ட பயிர்களில் எவை இன்று வயலில் இல்லை என்று கணக்கெடுப்பது ஒரு பருவத்துக்கான வேலை. காட்டோரம் முழுவதும் மண்டியிருக்கும் உண்ணிச்செடி அப்பட்டியலில் இருக்காது. அழகுச் செடியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு வந்தது அது. இன்று மாதேஸ்வரன் மலையில் சோலிகர்கள் அதன் தண்டில் நாற்காலி முடைகிறார்கள்.

சட்டம் நிற்கும் இடம்

இவ்வளவு இருந்தும் ஏன் நடப்பதில்லை? ஆசிரியரின் சோம்பல் என்று சொல்லிவிடுவது அநியாயம். சட்டப் புத்தகங்களைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கும் அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு, 1956இன் ஏழாவது திருத்தத்தில் வந்தது. கொள்ளேகால் கைமாறிய அதே ஆண்டு. ஆனால் அது தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. செயல்வழியாகவும் தேடலின் மூலமாகவும் கற்க வேண்டும், பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 29ஆவது பிரிவு கூறுகிறது. அது எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் நுழையும் மார்டள்ளி மாணவருக்கு இவ்விரு பாதுகாப்புகளும் இல்லை. பாடங்கள் இறுகப் பிரிவதும் பொதுத் தேர்வு கண்ணில் தெரிவதும் அதே வகுப்பில்தான். பாட்டியிடம் தமிழில் கேட்ட செய்தியைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதினால்தான் மதிப்பெண். எழுதச் சொல்லும் கேள்வியும் வினாத்தாளில் இல்லை.

மொழிச் சிறுபான்மையினருக்கான ஆணையரின் அறிக்கைகள் 350பி பிரிவின்படி இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டியவை. அவற்றின் மீது விவாதம் நடப்பது அரிதிலும் அரிது. உறுப்பினர் எவரேனும் கேள்வி எழுப்பினால், கல்வி பொதுப்பட்டியலில் உள்ளது, பள்ளிகளில் பெரும்பாலானவை மாநில அரசுகளின் கட்டுப்பாட்டில் உள்ளன என்ற வாசகத்தோடு தொடங்கும் எழுத்துபூர்வ பதில் கிடைக்கும். அவைச் செய்தி எழுதுவோருக்கு அந்த வாக்கியம் மனப்பாடம்.

முயன்று பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், மாணவரை வயலுக்கும் ஓடைக்கும் அனுப்பிப் பாடம் நடத்தியது. தேர்வு முறையையும் அதற்கேற்ப மாற்றியது. ஆயிரத்தை ஒட்டிய பள்ளிகளுக்குப் பரவிய அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. தமிழகத்தில் ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றம், மாணவர்களுக்குக் கல்வெட்டு படிக்கவும் பானை ஓட்டை இனம் காணவும் பயிற்சி அளித்துப் பெயர் பெற்றது. ஆனால் அது மன்றம். மணியடித்தபின் நடப்பது, மதிப்பெண் கிடையாது.

2023 ஆகஸ்டில் வெளியான பள்ளிக் கல்விக்கான தேசியக் கலைத்திட்ட வரைவு, பல துறைகளை இணைக்கும் தனிப் பாடப்பகுதி ஒன்றை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. தேவையான இடத்தில் வந்த தேவையான திருத்தம்தான். ஆனால் தேசியக் கல்விக் கொள்கையைக் கைவிடுவதாகக் கர்நாடக அரசு அதே ஆண்டு அறிவித்து, சுகதேவ் தோரட் தலைமையில் தன் ஆணையத்தை அமைத்தது. அதன் அறிக்கை 2025 ஆகஸ்டில் வந்தது. தமிழகமும் தனது மாநிலக் கல்விக் கொள்கையை அதே 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. இருமொழி வேண்டும், மாநில மொழிக்கு முதன்மை வேண்டும் என்பதில் இரு மாநிலங்களும் தில்லிக்கு எதிராக ஒரே குரலில் பேசுகின்றன. அந்தக் குரலில் நியாயம் உண்டு. ஆனால் மார்டள்ளியின் தமிழ்க் குழந்தைக்கும் தாளவாடியின் கன்னடக் குழந்தைக்கும் மாநில மொழி என்பதன் பொருள் வேறு. எல்லையோர வட்டங்களுக்கு இரு மொழிகளில் பொதுவான துணை நூல் ஒன்றை இரண்டு பாடநூல் கழகங்களும் சேர்ந்து அச்சிடலாம். செலவு பெரிதன்று, தண்ணீரைப் போல இதில் பங்கு பிரிக்க ஒன்றுமில்லை. 2018இல் அமைந்த காவிரி மேலாண்மை ஆணையத்தில் இரு மாநில அதிகாரிகளும் எதிரெதிரே அமர்கிறார்கள். பாடநூலுக்காக அப்படி அமர்வதற்கு ஒரு மேசை இன்னும் போடப்படவில்லை.

மார்டள்ளியிலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனால் மேட்டூர் நீர்த்தேக்கம். 1934இல் நிறைவடைந்த அணை, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு உயரம் 120 அடி என்ற எண்கள் தமிழகத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிந்தவை. நீருக்கடியில் போன ஊர்கள் எந்தப் பக்கத்துப் பாடநூலிலும் பெரிதாகப் பேசப்படவில்லை. நீர் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடியில் பழைய சிவன் கோயிலின் நந்தியும் அதற்கப்பால் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். பெரும்பாலும் கோடை தொடங்கும் மாதங்களில்தான். இரு மாநிலங்களிலும் பத்தாம் வகுப்புத் தேர்வு நடப்பதும் அப்போதுதான்.